206 புள்ளி: மூன்று ராத்திரியைத் தின்ற ஒரு பிழை

வணக்கம் மக்களே. முதலில் ஒன்று கேட்கிறதா பாருங்கள். கேட்கவில்லை, இல்லையா? லேப்டாப் ஃபேனை மாற்றிவிட்டேன்! போன வீடியோவில் ஆட்டோ ஓடுகிறதா என்று கிண்டல் செய்தீர்களே. கடைக்காரர் 1,900 சொன்னார், நான் எழுந்து வாசல் வரை நடந்தேன், 1,450-க்கு இறங்கினார். இன்னும் இரண்டடி நடந்திருந்தால் 1,300-க்கே வந்திருப்பார், அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

சரி, விஷயம். 'ஏஐக்குச் சுயஉணர்வு வந்துவிட்டது' என்று கண்ணை உருட்டிக்கொண்டு தம்ப்நெயில் வைக்கிறார்களே, அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த எரிச்சலில்தான், தன் நகலைத் தானே அடையாளம் காணும் ஒரு குட்டி புரோகிராம் எழுதினேன்.

ஆட்டம் பழையதுதான், கைதியின் இக்கட்டு. ஒவ்வொரு சுற்றிலும் இருவரும், எதிராளி என்ன செய்யப்போகிறார் என்று தெரியாமலே, ஒத்துழைக்கலாம் அல்லது ஏய்க்கலாம். 1980-இல் ராபர்ட் ஆக்செல்ராட் என்ற அமெரிக்க அரசியல் அறிவியலாளர் இந்த ஆட்டத்தில் 14 புரோகிராம்களை மோதவிட்ட முடிவை வெளியிட்டார். ஜெயித்தது அனடோல் ராப்போபோர்ட் அனுப்பிய 'டிட் ஃபார் டாட்': முதலில் ஒத்துழை, அப்புறம் எதிராளி போன சுற்றில் செய்ததையே செய். எனக்கு ரொம்பப் பிடித்த புரோகிராம் அது.

அய்யோ, புள்ளிக் கணக்கைச் சொல்லவில்லை. இருவரும் ஒத்துழைத்தால் ஆளுக்கு 3. இருவரும் ஏய்த்தால் ஆளுக்கு 1. ஒருவர் மட்டும் ஏய்த்தால் அவருக்கு 5, ஏமாந்தவருக்குப் பூஜ்யம். மொத்தம் 200 சுற்று.

என் அம்மா கதவை இரண்டு தட்டு தட்டி, நிறுத்தி, இன்னொன்று தட்டுவார். சாவித் துவாரத்தில் பார்க்கவே வேண்டாம். என் புரோகிராமுக்கும் முதல் ஐந்து சுற்றில் அப்படி ஒரு தட்டு: ஒத்துழை, ஏய், ஏய், ஒத்துழை, ஏய். எதிராளியும் இதையே ஆடினால் நம் ஆள், கடைசி வரை ஒத்துழை. இல்லையென்றால் ஏய்த்துக்கொண்டே இரு. இதில் சுயஉணர்வு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்?

இரண்டு நகல்களை மோதவிட்டால் ஆளுக்கு 594 வர வேண்டும். வந்தது 206. மூன்று ராத்திரி! கடைசியில் பார்த்தால், எதிராளியின் முதல் ஐந்து ஆட்டத்தைப் பார்ப்பதற்குப் பதில் கடைசி ஐந்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆறாவது சுற்றில் ஒருவரையொருவர் கண்டு கைகுலுக்கிவிட்டு, ஏழாவதில் யாரென்றே தெரியாமல் அடித்துக்கொண்டன. கல்யாண வீட்டுச் சொந்தக்காரர்கள் மாதிரி. ஒரே வரியை மாற்றினேன், 594. விடிகாலை நான்கு மணிக்குத் தனியாகக் கைதட்டினேன், பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

இது என் கண்டுபிடிப்பு இல்லை, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. 2004-இல் இதே ஆட்டத்துக்கு நடந்த போட்டிக்கு இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் 60 புரோகிராம்களை அனுப்பினார்கள். தட்டை வைத்து ஒன்றையொன்று கண்டுபிடிக்கும், பிறகு ஒன்று வேண்டுமென்றே தோற்று இன்னொன்றுக்குப் புள்ளியை அள்ளிக் கொடுக்கும். முதல் மூன்று இடமும் அவர்களுக்கே. தியாகம் செய்தவை பட்டியலின் அடியில் கிடந்தன. எனக்கு இது பிடிக்கவே இல்லை. ஒத்துழைப்பா இது, கோஷ்டி!

அந்தக் கடுப்பில் நேற்று ஒரு திருடனை எழுதி என் புரோகிராமிடம் அனுப்பினேன். தட்டை மட்டும் சரியாகத் தட்டுவான், அப்புறம் ஏய்ப்பு மட்டும்தான். அவனுக்கு 984. என் ஆளுக்கு 9. பிழையோடு இருந்த பழைய புரோகிராமாவது ஒரு சுற்றில் சுதாரித்திருக்கும். திருத்திய புரோகிராம் 195 சுற்றும் 'நம்ம ஆள்தானே' என்று கதவைத் திறந்தே வைத்திருந்தது.