எழுந்திருக்க மறுத்த சிறுமி

அவையோருக்கு வணக்கம்.

நான் பேச வந்தது, அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தலைநகரான மாண்ட்கோமரியில் 1955இல் ஓடிய பஸ்ஸைப் பற்றித்தான். அந்தப் பஸ்ஸில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இருக்கைகள் பிரிக்கப்பட்டிருந்தன.

கறுப்பின மக்கள் முன்வாசலில் ஏறிக் காசு கொடுக்க வேண்டும். பிறகு இறங்கிப் போய்ப் பின்வாசல் வழியாக ஏற வேண்டும். அதற்குள் சில ஓட்டுநர்கள் வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். கொடுத்த காசு போனது போனதுதான். நாளெல்லாம் அடுத்தவர் வீட்டுத் துணியைத் துவைத்த பெண் அந்தத் தெருவில் நின்ற நிலையை நினைத்துப் பாருங்கள்!

ரோசா பார்க்ஸை உங்களுக்குத் தெரியும். வெள்ளையருக்கு இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்து, அவர் டிசம்பர் 1 அன்று கைதானார். அதற்கு ஒன்பது மாதம் முன்பே, மார்ச் 2 அன்று, கிளாடெட் கோல்வின் என்ற 15 வயது கறுப்பின மாணவி அதேபோல இருக்கையை விட்டு எழ மறுத்தார். போலீஸார் இழுத்து இறக்கிக் கைவிலங்கு பூட்டினார்கள். கறுப்பின மக்களின் தலைவர்களோ அவரைப் போராட்டத்தில் முன்னிறுத்தத் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

பார்க்ஸ் கைதான இரவு பேராசிரியை ஜோ ஆன் ராபின்சன் உறங்கவில்லை. கல்லூரியின் உருட்டச்சு இயந்திரத்தில், ஒரு தாளுக்கு மூன்று துண்டறிக்கையாக விடிய விடிய அச்சிட்டார். திங்கட்கிழமை யாரும் பஸ் ஏற வேண்டாம் என்பதே செய்தி. அந்த ஒரு நாள் 381 நாளாக நீண்டது.

ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரர், இந்தப் பஸ் புறக்கணிப்பை முன்னின்று நடத்திய மார்ட்டின் லூதர் கிங் மீதான வழக்கில் சாட்சி சொன்னதால் வேலையை இழந்தார். வீட்டு அடுப்பிலேயே கோழி வறுத்து, கேக் செய்து விற்று, பஸ்ஸைப் புறக்கணித்தவர்களை ஏற்றிச் சென்ற கார்களின் பெட்ரோலுக்குப் பணம் திரட்டினார். அவருடைய குழுவின் பெயர் 'எங்குமில்லா மன்றம்'. பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எங்கிருந்துமில்லை என்று சொல்லிவிடலாம்; கொடுத்தவரின் பிழைப்பு தப்பும்.

பஸ் பிரிவினையைச் சட்டப்படி உடைத்தது நான்கு பெண்களின் வழக்கு. அவர்களில் ஒருவர் அதே கோல்வின். 1956 டிசம்பர் 21 முதல் மக்கள் விரும்பிய இருக்கையில் அமர்ந்தார்கள். கோல்வின் மீதான சிறார் நீதிமன்றக் குற்றப்பதிவு மட்டும் அப்படியே கிடந்தது. 2021இல்தான் ஒரு நீதிபதி அதை அழிக்க உத்தரவிட்டார். அப்போது அவருக்கு வயது 82.