துப்பாக்கி லைசென்ஸ் கையில் இருந்தால் மட்டும் போதுமா?

(திரையில்: மேஜைமீது உறை போட்ட இரட்டைக்குழல் துப்பாக்கி. பக்கத்தில் ஒரு லைசென்ஸ் புத்தகம்.)

வணக்கம். துப்பாக்கி லைசென்ஸ் எப்படி வாங்குவது என்று சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. வாங்கிய பிறகு, அந்தத் துப்பாக்கியோடு வீட்டை விட்டு வெளியே கிளம்பும்போது என்னென்ன காகிதங்கள் கூடவே வர வேண்டும் என்பதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம். நான் சொல்வதெல்லாம் இந்தியாவில் நடப்பில் உள்ள 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தையும் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளையும் வைத்து.

நெடுஞ்சாலையில் வாகனச் சோதனை. பின்சீட்டில் நீளமாக ஒரு உறை. போலீஸ்காரர் கேட்கிறார், நீங்கள் லைசென்ஸ் புத்தகத்தை எடுத்து நீட்டுகிறீர்கள். வேலை தெரிந்தவர் என்றால் முதலில் புத்தகத்தின் கடைசித் தேதியைப் பார்ப்பார். அப்புறம் துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்கச் சொல்லி, உலோகத்தில் வெட்டியிருக்கும் நம்பரைப் படிப்பார். அதையும் புத்தகத்தில் எழுதியிருக்கும் நம்பரையும் ஒத்துப்பார்த்துவிட்டு உங்கள் முகத்தையும் போட்டோவையும் பார்ப்பார். இரும்பு, புத்தகம், ஆள். மூன்றும் பொருந்தினால் இரண்டு நிமிடத்தில் கிளம்பிவிடலாம். ஏதாவது ஒன்று பொருந்தாவிட்டால், அது ஏன் பொருந்தவில்லை என்று சொல்ல வேறொரு காகிதம் வேண்டும். கூடவே எடுத்துப்போக வேண்டிய ஆவணங்கள் எல்லாமே அதற்காகத்தான்.

(திரையில்: "பிரிவு 19")

கேட்க அவருக்கு என்ன அதிகாரம்? ஆயுதச் சட்டத்தின் 19ஆவது பிரிவு. ஆயுதமோ தோட்டாவோ வைத்திருப்பவரிடம் எந்தப் போலீஸ் அதிகாரியும் லைசென்ஸைக் காட்டச் சொல்லலாம். காட்ட முடியாவிட்டால் பெயர், முகவரி கேட்கலாம், தேவை என்று பட்டால் ஆயுதத்தைப் பறிமுதல் செய்யலாம். பெயர் முகவரி சொல்ல மறுத்தாலோ, பொய் சொல்கிறார் என்றோ ஓடப் பார்க்கிறார் என்றோ தோன்றினாலோ, வாரன்ட் இல்லாமலே கைது செய்யலாம். ஆக, "லைசென்ஸ் வீட்டில் இருக்கிறது சார், நாளைக்குக் கொண்டுவந்து காட்டுகிறேன்" என்று சொல்லும் அந்த நேரத்தில் துப்பாக்கி அவர் கையில் இருக்கும்.

போனில் போட்டோ இருக்கிறதே, அதைக் காட்டினால் ஆகாதா என்று கேட்பீர்கள். டிரைவிங் லைசென்ஸுக்கு டிஜிலாக்கர் செல்லும் என்றால், அது மோட்டார் வாகன விதிகளில் தனியாகச் செய்த ஏற்பாடு. அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். துப்பாக்கி வெளியே போனால் அசல் புத்தகமும் போக வேண்டும். நகல் ஒன்று வண்டியிலோ வீட்டிலோ தனியாக இருக்கட்டும். புத்தகம் தொலைந்துபோனால் புகார் கொடுக்க அது உதவும், அவ்வளவுதான்.

(திரையில்: புத்தகத்தின் பக்கங்கள் ஒவ்வொன்றாகப் புரள்கின்றன)

சரி, புத்தகத்துக்குள்ளே போவோம். லைசென்ஸ் வைத்திருப்பவர்களிலேயே பலர் அதை முழுசாகப் படித்ததில்லை. போட்டோ ஒட்டிய பக்கம் தெரியும், முத்திரை தெரியும், அதோடு சரி.

முதலில் யூ.ஐ.என். எண். உள்துறை அமைச்சகத்தின் தேசிய தரவுத்தளத்தில் உங்கள் லைசென்ஸுக்கு உள்ள தனி எண் அது. அந்த எண் இல்லாத லைசென்ஸ் இப்போது செல்லாது. வேறு மாநிலத்து லைசென்ஸ் என்றால் கெடுபிடி இன்னும் கொஞ்சம் கூடும். ஜம்மு காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை கொடுக்கப்பட்ட லைசென்ஸ்களில் நடந்த முறைகேட்டை சி.பி.ஐ. விசாரித்தது நினைவிருக்கலாம். காசு வாங்கிக்கொண்டு, அந்த ஊரிலேயே இல்லாதவர்களுக்கெல்லாம் லைசென்ஸ் கொடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வேறு மாநிலத்து லைசென்ஸைக் கண்டால் போலீஸ் ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது, லைசென்ஸ் எந்த எல்லைக்குள் செல்லும் என்ற வரி. மாவட்டத்துக்கு மட்டுமா, தமிழ்நாடு முழுக்கவா, இந்தியா முழுக்கவா? அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லும் லைசென்ஸோடு ஓசூரில் வண்டி எடுத்து அத்திப்பள்ளி தாண்டிவிட்டால், அரை மணி நேரத்துக்கு முன்னால் செல்லுபடியான லைசென்ஸ் இப்போது கர்நாடகாவில் உங்களைக் காப்பாற்றாது. வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால், லைசென்ஸ் கொடுத்த அதிகாரியிடம் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கி வைத்திருக்க வேண்டும். மாவட்டங்களில் அவர் கலெக்டர். மாநகரக் காவல் எல்லைக்குள் என்றால் போலீஸ் கமிஷனர்.

அப்புறம் தோட்டாக் கணக்கு. ஒரே சமயத்தில் எத்தனை வைத்துக்கொள்ளலாம், வருடத்துக்கு எத்தனை வாங்கலாம் என்று புத்தகத்திலேயே இருக்கும். கடையில் வாங்கியது பதிவாகியிருக்கிறதா என்று கடையை விட்டு இறங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். பில்லையும் புத்தகத்தோடு வையுங்கள். லைசென்ஸ் நிபந்தனையை மீறினால் 30ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். துப்பாக்கி சரியாக இருந்து தோட்டாக் கணக்கு உதைத்தாலும் நிபந்தனை மீறல்தான்.

காலாவதித் தேதி. 2019இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் 5 வருடம் செல்லும், முன்பு 3 வருடம்தான். அதே திருத்தம், ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது.

இங்கே ஒரு சிக்கல். புதுப்பிக்கக் கொடுத்தால் புத்தகம் ஆபீஸில் போய் உட்கார்ந்துகொள்ளும். உங்கள் கையில் ஒப்புகைச் சீட்டு மட்டும். அதை வைத்துக்கொண்டு துப்பாக்கியை வெளியே எடுக்கலாமா? என்னைக் கேட்டால், வேண்டாம். சீட்டு, நீங்கள் நேரத்துக்கு மனு கொடுத்தீர்கள் என்பதற்குச் சாட்சி. அதில் துப்பாக்கி நம்பர் இருக்காது, எல்லை இருக்காது, உங்கள் போட்டோவும் இருக்காது. புத்தகம் திரும்பி வரும்வரை துப்பாக்கி வீட்டில் பூட்டிய பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

(திரையில்: கையால் எழுதிய ஒரு கடிதம்)

இப்போது துப்பாக்கி ஒருவருடையது, கையில் வைத்திருப்பவர் வேறொருவர். கிராமத்துப் பெரிய வீடுகளில் இது சாதாரணமாக நடக்கும். ஐயா வீட்டில் இருப்பார். துப்பாக்கி ரிப்பேர். "தம்பி, டவுனுக்குத்தானே போறே, இதையும் கடையில கொடுத்துட்டு வந்துடு" என்று டிரைவரிடம் கொடுத்துவிடுவார். டிரைவருக்கு லைசென்ஸ் கிடையாது. வழியில் மாட்டினால்?

சட்டத்தில் இதற்கு ஒரு சின்னக் கதவு இருக்கிறது. 3ஆவது பிரிவின் விலக்குப்படி, லைசென்ஸ் வைத்திருப்பவர் கூடவே இருந்தாலோ, அவர் எழுதிக் கொடுத்த அனுமதி இருந்தாலோ, லைசென்ஸ் இல்லாதவரும் அந்தத் துப்பாக்கியை எடுத்துப் போகலாம். ஆனால் ரிப்பேருக்கு, லைசென்ஸ் புதுப்பிக்க, அல்லது உரிமையாளரே பயன்படுத்துவதற்காக என்ற மூன்று காரணங்களுக்கு மட்டும். மச்சான் தோப்பில் காட்டுப்பன்றி தொல்லை என்று துப்பாக்கியை இரவல் கொடுக்க இந்தக் கதவு திறக்காது.

எழுத்தில் அனுமதி என்று சட்டம் சொல்கிறதே தவிர, அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு பட்டியல் போடவில்லை. நான் இப்படி எழுதுவேன்: உரிமையாளர் பெயர், லைசென்ஸ் எண், யூ.ஐ.என்., துப்பாக்கியின் வகை, அதன் நம்பர், எடுத்துப்போகிறவரின் பெயர், எந்தக் கடைக்கு, எதற்காக, எந்தத் தேதி. கீழே கையெழுத்து, போன் நம்பர். "இவரிடம் கொடுத்தனுப்புகிறேன்" என்று ஒற்றை வரியில் தேதி போடாமல் எழுதினால், அந்தக் கடிதம் எந்த வருடத்து எந்தத் துப்பாக்கிக்கு என்று யாருக்குத் தெரியும்? கடிதத்தோடு லைசென்ஸ் புத்தகத்தையும் கொடுத்தனுப்புங்கள். தோட்டாவைக் கொடுத்தனுப்பாதீர்கள், ரிப்பேருக்கு அது எதற்கு?

வங்கி வாசலில் நிற்கும் காவலர் விஷயம் வேறு மாதிரி. வங்கியின் துப்பாக்கி என்றால் லைசென்ஸ் நிறுவனத்தின் பெயரில் இருக்கும், அதை ஏந்தும் காவலரின் பெயர் அதிலேயே பதிவாகியிருக்கும். அவர் லீவு போட்டார் என்று பதிவில்லாத இன்னொருவர் கையில் துப்பாக்கியைக் கொடுத்து நிறுத்தினால், ஆள் பொருந்தவில்லை.

லைசென்ஸே வேண்டாதவர்களும் இருக்கிறார்கள், நம் பக்கத்திலேயே. குடகில் கொடவர்களுக்கும், ஜம்மா எனும் பரம்பரை உரிமையில் நிலம் வைத்திருப்பவர்களுக்கும் சில வகைத் துப்பாக்கிகளுக்கு மத்திய அரசு விலக்கு கொடுத்திருக்கிறது. 2019இல் அதை 2029 அக்டோபர் வரை நீட்டித்தார்கள். அவர்களும் வெறுங்கையோடு நடமாட முடியாது, விலக்குச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். ஏர் ரைபிளில்கூட .177 அங்குலக் குழல் அளவுக்கும் 20 ஜூல் சக்திக்கும் உட்பட்டதற்கு லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் பார்க்க நிஜத் துப்பாக்கி மாதிரியே இருப்பதால், அந்த விவரங்கள் உள்ள பில்லையும் சான்றிதழையும் உறைக்குள்ளேயே போட்டு வைப்பது நல்லது. பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோர் கவனிக்க.

(திரையில்: விமான நிலைய எக்ஸ்ரே. பைக்குள் ஒற்றைத் தோட்டா.)

விமானப் பயணம். கைப்பையில் துப்பாக்கியும் கூடாது, தோட்டாவும் கூடாது. செக்-இன் கவுன்டரில் நீங்களே முன்வந்து சொல்லி, லைசென்ஸைக் காட்டி, துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று எழுதிக் கொடுத்து, செக்-இன் லக்கேஜில்தான் அனுப்ப வேண்டும். தோட்டாவைத் தனியாகக் கட்ட வேண்டும், ஒரு பயணிக்கு மொத்த எடை 5 கிலோவைத் தாண்டக் கூடாது. இதைவிடக் கறாரான விதியும் தனிக் கட்டணமும் விமான நிறுவனத்துக்கு இருக்கலாம், டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள். போய் இறங்கும் மாநிலத்தில் உங்கள் லைசென்ஸ் செல்லுமா என்பதையும் அப்போதே பாருங்கள்.

விமான நிலையத்தில் பெரும்பாலும் மாட்டுவது துப்பாக்கி அல்ல, மறந்துபோன ஒரு தோட்டா. போன வருடம் தோட்டத்துக்கு எடுத்துப்போன பை, அதன் ஓரத்து ஜிப்புக்குள் ஒன்று உருண்டு கிடந்திருக்கும். அதே பையில் இரண்டு சட்டையைத் திணித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். தெரிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்பது 1972இல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டிய வழி. தெரியாமல் பையில் கிடந்த ஒற்றைத் தோட்டா வழக்குகள் பலவற்றை உயர் நீதிமன்றங்கள் ரத்து செய்திருக்கின்றன. நல்லதுதான். ஆனால் ரத்தாகும்வரை வழக்கு வழக்குதான். வக்கீல், வாய்தா, தவறவிட்ட விமானம் எல்லாம் உங்கள் செலவு.

(திரையில்: காவல் நிலையம். ஒரு ரசீது.)

தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள். எல்லோருமே ஒப்படைக்க வேண்டுமா என்பது பழைய சண்டை. கண்ணை மூடிக்கொண்டு எல்லோரிடமும் வாங்கக் கூடாது, மாவட்ட அளவில் ஒரு குழு ஒவ்வொருவரையும் பரிசீலித்து முடிவு செய்ய வேண்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2009இல் சொன்னது. தேர்தல் ஆணையத்தின் அறிவுரையும் அந்த வழியில்தான். நடைமுறையில் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால் பெரும்பாலானோர் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறார்கள்.

கொடுங்கள், ரசீது வாங்குங்கள். அந்த ரசீதில் "துப்பாக்கி ஒன்று" என்று மட்டும் எழுதியிருந்தால் வாங்காதீர்கள். நம்பரும், கொடுத்த தோட்டாக்களின் எண்ணிக்கையும், தேதியும், முத்திரையும் இருக்க வேண்டும். திரும்ப வாங்கும்போது ஸ்டேஷன் மேஜையிலேயே நம்பரை ஒத்துப்பாருங்கள். ஒரே ரகத்துத் துப்பாக்கிகள் வரிசையாகச் சாய்த்து வைத்திருக்கும் அறையில் மாறிப்போவது பெரிய அதிசயம் இல்லை. ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவதும் துப்பாக்கியோடு வெளியே போவதுதான் என்பதால், அன்றைக்கும் லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும்.

(திரையில்: பரண்மேல் துணி சுற்றிய துப்பாக்கி)

கடைசியாக, தாத்தா துப்பாக்கி. தாத்தா இறந்துவிட்டார், லைசென்ஸ் அவர் பெயரில். இன்னும் இரண்டு வருடம் தேதி இருக்கிறது, அதுவரை வீட்டிலேயே இருக்கட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். லைசென்ஸ் அவருக்குத்தான், வீட்டுக்கு இல்லை. 21ஆவது பிரிவின்படி தாமதிக்காமல் அருகில் உள்ள போலீஸ் ஸ்டேஷனிலோ, லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். கொண்டுபோகும்போது இறப்புச் சான்றிதழும் அவருடைய லைசென்ஸ் புத்தகமும் கூட வரட்டும். கிளம்புவதற்கு முன் ஸ்டேஷனுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

பிறகு வாரிசு பெயரில் லைசென்ஸுக்கு மனு போடலாம். வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம், ஒப்படைத்த ரசீது மூன்றையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். தாத்தா உயிரோடு இருக்கிறார் என்றால் வேலை இன்னும் சுலபம். 70 வயது ஆனாலோ, 25 வருடம் துப்பாக்கி வைத்திருந்தாலோ, இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது, அவரே ஒரு வாரிசைக் குறிப்பிட்டு மாற்றித் தர 2016 விதிகள் இடம் கொடுக்கின்றன. மனுவில் அவர் கையெழுத்து போட வேண்டும், அதற்குள் அண்ணன் தம்பிகள் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.