"இந்த வருஷத்துக்குள்ள நடப்பான்னு சொன்னாங்க, நடக்கல": ஒரு அம்மாவோட கேள்விக்கு பதில்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இன்னைக்கு நாலஞ்சு கேள்வி எடுத்து வெச்சிருந்தேன், ஆனா ஒண்ணுக்குத்தான் நேரம் இருக்கும்னு தோணுது, ஏன்னா இந்த கேள்வியைப் படிச்சதுல இருந்து அது மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது. ஒரு அம்மா அனுப்பியிருக்காங்க. பேர் சொல்லல. அவங்க பையனுக்கு பிறந்ததுல இருந்தே நடக்க முடியாது. ஒரு கூட்டத்துல ஒரு ஊழியர் தலையில கை வெச்சு ஜெபிச்சுட்டு, "இந்த வருஷம் முடியறதுக்குள்ள உன் பிள்ளை நடப்பான், கர்த்தர் சொல்றார்"னு சொல்லிட்டாராம். அந்த வருஷம் போச்சு, அதுக்கு அடுத்த வருஷமும் போச்சு, பையன் நடக்கல. இப்ப அவங்க கேக்கறாங்க, "பிரதர், என் விசுவாசம் பத்தலையா, இல்ல தேவன் சொன்ன வார்த்தையை மாத்திட்டாரா? ரெண்டுல எதுன்னு மட்டும் சொல்லுங்க."

அம்மா, ரெண்டும் இல்ல. முதல்ல இதை சொல்லிடறேன், இதைக் கேட்டுட்டு வீடியோவை நிறுத்தினாலும் பரவால்ல. உபாகமம் 18 கடைசி வசனத்தை எடுத்துப் பாருங்க. ஒருத்தன் கர்த்தர் பேர்ல ஒண்ணு சொல்லி அது நடக்கலைன்னா, அது கர்த்தர் சொல்லாத வார்த்தை, அவனுக்கு நீ பயப்பட வேண்டாம்னு இருக்கு. அங்க சோதிக்கப்படறது யாரு? சொன்னவன். கேட்டவங்களோட விசுவாசத்தை அளந்து பாருன்னு ஒரு வரி கூட இல்ல. நாம என்ன பண்றோம், சொன்னவரை விட்டுட்டு, நம்பி உக்காந்திருந்த அம்மாவைப் பிடிச்சு "உங்க விசுவாசம் எங்க போச்சு"ன்னு கேக்கறோம். எனக்கு இதுல நிஜமாவே கோவம் வருது.

இப்ப எரேமியா தீர்க்கதரிசிக்கு வருவோம். ரெகுலரா பாக்கறவங்களுக்கு தெரியும், நான் எங்க சுத்தினாலும் அவர் எழுதின லெட்டர் இருக்கற எரேமியா 29க்குத்தான் வந்து நிப்பேன், திரும்பத் திரும்ப ஒரே விஷயம்தான் சொல்வேன், லெட்டரை முழுசா படிங்க, முழுசா படிங்கன்னு. 29:11 எல்லாருக்கும் மனப்பாடம். நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவானவைன்னு கார்டுல போடறோம், சுவத்துல மாட்டறோம். அது யாருக்கு எழுதின லெட்டர்? கி.மு. 597ல யூதா ராஜா எகோனியாவோட சேத்து பாபிலோனுக்கு பிடிச்சிட்டுப் போன ஜனங்களுக்கு. அவங்க எல்லார் மனசுலயும் ஒரே ஒரு எதிர்பார்ப்பு, எப்ப வீட்டுக்குப் போவோம்.

அதுக்கு முந்தின அதிகாரம், 28, அதை யாரும் கார்டுல போடறதில்ல. அங்க அனனியான்னு ஒருத்தர், அவரையும் தீர்க்கதரிசின்னுதான் சொல்றாங்க, ஆலயத்துல எல்லார் முன்னாடியும் நின்னு, ரெண்டே வருஷம், போனவங்க எல்லாரும் திரும்பி வந்துடுவாங்க, கர்த்தர் சொல்றார்னு அறிவிக்கிறார். தேதியே குடுத்துட்டார். பாபிலோன் ராஜாவுக்கு அடங்கியிருக்கணும்னு காட்டறதுக்கு எரேமியா கழுத்துல மாட்டிட்டிருந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைச்சும் காட்டறார், பாக்கறவங்களுக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்திருக்கும் யோசிச்சுப் பாருங்க. ஆனா கர்த்தர் எரேமியா மூலமா சொன்ன கணக்கு 70 வருஷம். ரெண்டு எங்க, 70 எங்க! அந்த லெட்டரைக் கையில வாங்கின ஒரு நாப்பது வயசுக்காரருக்கு, தான் உயிரோட திரும்பப் போறதில்லன்னு அதை வாசிச்ச உடனே புரிஞ்சிருக்கும். பாபிலோனைப் பிடிச்ச பெர்சியா ராஜா கோரேஸ் திரும்பிப் போகலாம்னு உத்தரவு குடுத்தது கி.மு. 538ல, அப்ப அவருக்கு நூறு வயசு கிட்ட ஆகியிருக்கும். சமாதானத்துக்கேதுவான நினைவுகள்னு கர்த்தர் சொன்னது அந்த நாப்பது வயசுக்காரரையும் சேத்துத்தான்.

இதுல இன்னொண்ணு, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். அனனியா அப்படி சொன்ன உடனே எரேமியா என்ன சொன்னார் தெரியுமா? "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக." கிண்டலா சொல்லலன்னுதான் நான் நினைக்கிறேன், அவருக்கும் அந்த ஆசை இருந்தது, ஜனங்க வீட்டுக்கு வரணும்னு அழுத மனுஷன் அவர். அதனால அம்மா, உங்க பையன் நடக்கணும்னு நீங்க ஆசைப்பட்டதுல தப்பே இல்ல. அந்த ஆசைக்கு ஆமென். அதுக்கு கர்த்தர் பேர்ல ஒரு தேதி போட்டாங்க பாருங்க, தப்பு அங்கதான்.

விசுவாசம் பத்தலன்னு சொல்றவங்களுக்கு வேகமா ரெண்டு வசனம் சொல்லிட்டுப் போயிடறேன். 2 தீமோத்தேயு 4:20, தன்கூட ஊழியம் செஞ்ச துரோப்பீமுவை மிலேத்து ஊர்ல வியாதியா விட்டுட்டு வந்தேன்னு பவுலே எழுதறார். எத்தனையோ பேரை சுகமாக்கின பவுல்! துரோப்பீமுவுக்கு விசுவாசம் இல்லன்னு ஒரு வார்த்தை எழுதல. தீமோத்தேயுவுக்கு அடிக்கடி உடம்பு முடியாம போகும், அவருக்கு வயித்துக்கு என்ன குடிக்கணும்னு பவுல் யோசனை சொல்றார், 1 தீமோத்தேயு 5:23. அவ்வளவுதான்.

சரி. இப்ப அந்த அம்மா கேக்காத கேள்விக்கு வரேன், உண்மையில இதைப் பேசத்தான் நான் உக்காந்தேன். மெசேஜோட கடைசில போறபோக்குல ஒண்ணு எழுதியிருக்காங்க. பையனுக்கு இப்ப ஒன்பது வயசு, இன்னும் இடுப்புலதான் தூக்கறேன், முதுகு வலி தாங்கல, வீல்சேர் வாங்கலாம்னு பாத்தோம், வாங்கினா அது அவிசுவாசம்னு கூட ஜெபிக்கறவங்க சொன்னாங்க, அதனால வாங்கல. இதை ஒரு கேள்வியா கூட அவங்க கேக்கல, அதான் எனக்குத் தாங்கல. விசுவாசத்துக்கு சாட்சியா ஒரு குழந்தை வீட்டுக்குள்ளயே இருக்கான், அம்மா தூக்கினாத்தான் வாசலுக்கு வருவான்.

லெட்டரை முழுசா படிங்கன்னு ஏன் கத்தறேன்னு இப்ப புரியுதா? 11ம் வசனத்துக்கு முன்னாடி 5ம் வசனத்துல இருந்து பாருங்க. வீடு கட்டி குடியிருங்க, தோட்டம் போடுங்க, அதோட கனியை சாப்பிடுங்க, நீங்க இருக்கற அந்த பட்டணத்தோட சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்க. திரும்பிப் போற ஊருக்கு இல்ல, இப்ப இருக்கற ஊருக்கு! தோட்டம் போட்டா அடுத்த நாள் கனி வராது, வருஷங்கள் ஆகும், அப்ப அங்கேயே இருக்கப் போறோம்னு ஒத்துக்கிட்டாத்தான் ஒருத்தன் மரம் நடுவான். அனனியா பேச்சை நம்பினவன் மரம் நட்டிருப்பானா? ரெண்டு வருஷத்துல கிளம்பப் போறோமே, எதுக்குன்னு மூட்டையைக் கட்டி வெச்சுட்டு உக்காந்திருப்பான். பாக்கறவங்களுக்கு அவன்தான் பெரிய விசுவாசி மாதிரி தெரிவான், ஆனா கர்த்தர் பேச்சைக் கேட்டவன் கடப்பாரையோட குழி தோண்டிட்டு இருந்தவன்தான்.

மேவிபோசேத்தைப் பாருங்க, 2 சாமுவேல். அஞ்சு வயசுல தாதி தூக்கிட்டு ஓடும்போது விழுந்து ரெண்டு காலும் முடமான பிள்ளை. தாவீது ராஜா கூட்டிட்டு வந்து தன் பந்தியில உக்கார வெச்சார், தினமும். 9ம் அதிகாரம் எப்படி முடியுது? அவனுக்கு இரண்டு காலும் முடமாயிருந்ததுன்னு முடியுது. தயவு கிடைச்சது, பந்தி கிடைச்சது, கால் அப்படியேதான் இருந்தது. அப்புறம் 19ம் அதிகாரத்துல தாவீது கேக்கறார், நான் ஊரை விட்டு ஓடினப்ப நீ ஏன் என்கூட வரலன்னு. அதுக்கு அவர் சொல்ற பதிலைக் கவனிங்க: நான் முடவன், கழுதைக்கு சேணம் வெச்சு ஏறி வரலாம்னுதான் இருந்தேன், வேலைக்காரன் என்னை ஏமாத்திட்டான். அம்மா, அந்தக் கழுதைதான் அவரோட வீல்சேர். கழுதை ஏர்றது அவிசுவாசம்னு வேதத்துல எங்கயும் இல்ல. அது இல்லாததால அவர் ராஜாகூட போக முடியலன்னுதான் இருக்கு.

அதனால வாங்குங்க. முதல்ல ஒரு ஃபிசியோதெரபிஸ்ட்டைப் பாத்து பையனை அளந்துட்டு வாங்குங்க, பெரியவங்க சேர்ல குழந்தையை உக்கார வெச்சா ஒரு பக்கமா சாய்ஞ்சு சாய்ஞ்சு முதுகெலும்புக்கே பிரச்சனை வரலாம், பாதம் தொங்கக் கூடாது, கால் வைக்கற பலகைல நல்லா பதியணும். ஒரே நிலையில ரொம்ப நேரம் உக்காந்தா புண் வரும், நடுநடுவுல நிலையை மாத்தி விடணும். அவன் வளருவான், அதனால கொஞ்ச வருஷத்துல சேரும் மாத்த வேண்டியிருக்கும். கலர் அவனே செலக்ட் பண்ணட்டும். உங்க முதுகையும் காட்டுங்க, அவனுக்கு நீங்க வேணும்.

அப்ப ஜெபத்தை விட்டுடறதான்னு சிலர் கேப்பாங்க, கமெண்ட்ல கண்டிப்பா வரும். யார் விடச் சொன்னா? அதே லெட்டர்ல 12ம் வசனம், நீங்க கூப்பிடுவீங்க, விண்ணப்பம் பண்ணுவீங்க, நான் கேப்பேன்னு இருக்கு. தோட்டமும் போட்டாங்க, ஜெபமும் பண்ணாங்க. சுகத்துக்காக ஜெபிங்க, அழணும்னா அழுங்க, சங்கீதம் 88 ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் அழுகைதான், முடியறது கூட இருட்டுலதான் முடியுது, அதையும் தேவன் தன் புஸ்தகத்துல வெச்சிருக்கார். பையன் நடப்பானா மாட்டானான்னு எனக்குத் தெரியாது அம்மா, நான் தேதி குடுக்க மாட்டேன். ஆனா அவன் நடக்கலைன்னாலும் தேவன் உங்களைக் கைவிட்டுட்டார்னு மட்டும் நினைக்காதீங்க, பாபிலோனுக்கே லெட்டர் போட்டவர் அவர்.

கடைசியா, இந்த வீடியோவை ஊழியக்காரங்களும் பாப்பீங்க. யார் வீட்டுலயாவது இப்படி தேதி சொல்லிட்டு வந்திருந்தீங்கன்னா, தயவுசெஞ்சு நேர்ல போங்க, போன்ல வேண்டாம். "கர்த்தர் சொன்னார்னு சொன்னேன், அது என்னோட ஆசை, உங்க விசுவாசத்துல எந்தக் குறையும் இல்ல"ன்னு அந்த அம்மா முகத்தைப் பாத்து சொல்லிட்டு வாங்க. பையன் முன்னாடியே சொல்லுங்க. அந்த வாக்கை அவனும்தான் கேட்டுட்டு இருந்தான்.