உரமா, களையா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

விஞ்ஞானக் கதையும் மாயக்கதையும் எழுதுகிறவர்களுக்கு வலைப்பூவும் முகநூலும் உரமா, களையா என்பது தலைப்பு. "லைக் எண்ணுகிறவர் எப்போது நாவல் எழுதுவார்?" என்று எதிரணித் தம்பி கேட்டார். நல்ல கைதட்டல், வெள்ளவத்தையில் எழுத்தாளரைக் கேலி செய்தால் எப்போதும் கிடைப்பதுதான்.

தம்பி, ஆண்டி வியரைத் தெரியுமா? பெயரில்தான் ஆண்டி. அமெரிக்காவில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தவர். செவ்வாயில் தனியே மாட்டிக்கொண்டவனின் கதையை 2009இலிருந்து தன் இணையத்தளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகப் போட்டார். வாசகர்களில் இரசாயனம் படித்தவர்களும் இருந்தார்கள். "இந்த இடம் பிழை" என்று எழுதினார்கள், அவர் திருத்தினார். காதல் கதையில் காதலி அழுதது பிழை என்று யார் சொல்வது? செவ்வாயில் தண்ணீர் உண்டாக்கும் கணக்குப் பிசகினால் தெரிந்தவர் விடமாட்டார். இத்தனை துறை ஆட்களைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் பதிப்பகம் எங்கே இருக்கிறது? அப்புறம் வாசகர் கேட்டதால் 2011இல் அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலில் 99 அமெரிக்க சதத்துக்குப் போட்டார். இலவசமாகக் கிடந்த கதையைக் காசு கொடுத்து வாங்கினார்கள். 2014இல் பெரிய பதிப்பகம், 2015இல் சினிமா.

முகநூலில் நேரம் வீணாகப் போகிறது, சரி, ஒத்துக்கொள்கிறேன். என் கைப்பேசியே சாட்சி. ஆனால் அமெரிக்க விஞ்ஞானக் கதைக்காரர் ஜோன் ஸ்கால்சி 1998 முதல் வலைப்பூ எழுதுகிறார். 2002இல் அங்கே தொடராகப் போட்ட நாவலைத்தான் டோர் பதிப்பகம் வாங்கி 2005இல் வெளியிட்டது. மாயக்கதைக்காரர் நீல் கெய்மனும் 2001இலேயே வலைப்பூ தொடங்கியவர். களை மண்டிய வயலில் இவ்வளவு விளையுமா?

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை என்பீர்கள். நம் கொழும்புக் கறுவாத்தோட்டத்துக்கே வருகிறேன். அங்கே வாழ்ந்து பொரளை கனத்தையில் அடக்கமான விஞ்ஞானக் கதைக்காரர் ஆர்தர் சி. கிளார்க், 1983இல் தன் நாவலைப் படமாக்கிய பீட்டர் ஹயம்ஸுடன் எப்படிப் பேசினார்? கணினியை மோடம் வழியே தொலைபேசிக் கம்பியில் மாட்டி, கொழும்பிலிருந்து லொஸ் ஏஞ்சல்ஸுக்குக் கடிதம் அனுப்பினார். அவர் தூங்கும்போது இவர் எழுதுவார். அந்தக் கடிதங்களே பிறகு புத்தகமாக வந்தன. அன்றைக்கு முகநூல் இருந்திருந்தால் அந்த மனிதர் சும்மா இருந்திருப்பாரா?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். தம்பி, இன்றைய பேச்சை நேற்றே முகநூலில் போட்டு, "பிழை இருந்தால் சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தீர்களே. நானும் இரண்டு சொன்னேன். திருத்திவிட்டுத்தானே மேடைக்கு வந்தீர்கள்?