எஞ்சினை மாற்றினால் மட்டும் போதுமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

கார்களால் சுற்றுச்சூழலுக்கு வரும் கேட்டைப் பெரிதும் குறைப்பது எஞ்சின் மாற்றமா, வடிவமைப்பும் பொருளுமா என்பது தலைப்பு. "பெட்ரோலை எடு, பேட்டரியைப் போடு, வேலை முடிந்தது" என்றார் எதிரணித் தலைவர். கைதட்டலும் வாங்கினார். நானும்தான் தட்டினேன்.

சரி, பேட்டரி கார்களையே எடுத்துக்கொள்வோம். ஹம்மரின் மின்சார வண்டி நான்கு டன்னுக்கு மேல் எடை. பேட்டரி மட்டுமே சுமார் 1,300 கிலோ. ஒரு முழுக் காரே அந்த எடையில் கிடைக்கிறது! ஒரு சார்ஜில் ஓடுவது சுமார் 530 கிலோமீட்டர். 2022-இல் மெர்சிடிஸ் ஓட்டிக் காட்டிய இக்யூஎக்ஸ்எக்ஸ் காரில் ஹம்மர் பேட்டரியின் கொள்ளளவில் பாதிக்கும் குறைவான பேட்டரிதான். ஜெர்மனியில் கிளம்பி, பிரான்சின் தென்கடற்கரை வரை 1,000 கிலோமீட்டருக்கு மேல் ஒரே சார்ஜில் போய்ச் சேர்ந்தது. (அது சோதனைக் கார், விற்பனைக்கு இல்லை. எதிரணி எழுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.) இரண்டும் மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்? காற்றில் வழுக்கிச் செல்லும் உடல், குறைந்த எடை, எளிதாக உருளும் டயர். பெரும்பங்கு இவற்றுக்குத்தான்.

எடைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, நடுவர் அவர்களே. அது தனியாக வராது. கார் கனத்தால் பிரேக் பெரிதாக வேண்டும், சஸ்பென்ஷன் தடிக்க வேண்டும், இழுக்க மோட்டாருக்குச் சக்தி கூட வேண்டும், அதற்குப் பேட்டரி பெரிதாக வேண்டும். மறுபடியும் கனம்! டயர் தேய்ந்து பறக்கும் துகள்களோ எஞ்சினைப் பார்த்து வருவதில்லை. பேட்டரி போட்டுக் காரைக் கனமாக்கினால் அவை கூடத்தான் செய்யும். காற்றின் கணக்கு இன்னும் கறார்: வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கு. அதை முகப்பின் அகலமும் உடலின் வளைவும்தான் சமாளிக்க வேண்டும்.

"எடை குறைக்க அலுமினியம் என்கிறீர்கள், அதைத் தயாரிக்க எவ்வளவு மின்சாரம்?" என்று எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் மடக்கினார். நியாயமான கேள்வி. தாதுவிலிருந்து எடுத்தால் மின்சாரம் கொட்டத்தான் வேண்டும். பழைய அலுமினியத்தை உருக்கினால் அதில் ஏறத்தாழ 5 சதவீத ஆற்றலே போதும். ஆனால் பழைய காரிலிருந்து அது கலப்பில்லாமல் கழன்று வர வேண்டுமே? இரும்புக்கும் இதே கதைதான். காரை அப்படியே நொறுக்கினால் ஒயரிங்கில் இருக்கும் செம்பு எஃகோடு சேர்ந்துவிடும். உருக்கிய பிறகு பிரிப்பது மிகக் கடினம். அப்படிக் கெட்ட எஃகு மறுபடி கார்த் தகடாவது சந்தேகம். ஒயர்களை எளிதாக உருவி எடுக்கும்படி அமைப்பது யார்? வரைபலகையில் உட்கார்ந்திருக்கும் வடிவமைப்பாளர். ஐரோப்பிய ஒன்றியம் 2000-இலேயே சட்டம் போட்டு, 2015 முதல் பழைய காரின் எடையில் 95 சதவீதத்தை மீண்டும் பயன்படுத்தவோ மீட்கவோ வேண்டும் என்றது. அந்தச் சட்டம் பெட்ரோலா பேட்டரியா என்று பார்க்கவில்லை.

பேட்டரி வேண்டாம் என்று எங்கள் அணி சொல்லவில்லை. கார் இளைத்தால் சின்னப் பேட்டரியே போதும். தோண்டும் லித்தியமும் நிக்கலும் குறையும். வடிவத்தையும் பொருளையும் தொடாமல் இதைச் சாதிக்க என்ன வழி வைத்திருக்கிறார்கள் என்று எதிரணியில் அடுத்து வருபவர் சொல்லட்டும். நன்றி.