உமித்தீயாய் ஒரு காதல்

நேயர்களுக்கு வணக்கம்.

ரைஸ்மில் பின்புறம் உமிக்குவியலில் நெருப்புப் பிடித்தால் எப்படி இருக்கும் என்று நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மேலே சாம்பல் பூத்துக் கிடக்கும். கால் வைத்த பிறகுதான் உள்ளே கனல் இருப்பது தெரியும். பகையாளிகள் இருவர் மெல்ல மெல்லக் காதலர்களாகும் மாயப்புனைவுக் கதைக்கும் அந்தச் சூடுதான் வேண்டும். அதை எழுதப் பார்ப்பவர்களுக்காக இந்த உரை.

ஊடல் வேறு, பகை வேறு. மருத நிலத்தின் உரிப்பொருள் ஊடல் என்கிறது இலக்கணம். ஆனால் ஊடுகிறவர்கள் ஏற்கெனவே காதலர்கள். அதனால்தான் 1302ஆம் குறள் அதை உப்புக்கு ஒப்பிட்டு, சற்று நீண்டாலும் கெடும் என்கிறது. பகைக்கு அந்தச் சிட்டிகை போதாது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் இழப்பு இருக்க வேண்டும். வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்துவிடும் தப்பெண்ணத்தை வைத்து நாவலை நகர்த்தினால், மூன்றாம் அத்தியாயத்திலேயே வாசகர் பொறுமை இழப்பார்.

காரணத்தைத் தேடி எங்கும் போக வேண்டாம். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிகிறது. தலைமடைக்கும் கடைமடைக்கும் உள்ள மனத்தாங்கலை ஒரு கற்பனை நாட்டுக்குக் கொண்டுபோங்கள். மந்திரத்தால் பூட்டிய மதகு ஒன்று. அவள் அதன் காவல்காரி. முழுக்கத் திறந்தால் கரை உடைந்து அவள் ஊர் மூழ்கும். அவன் கடைமடைக்காரன், நன்னீர் வராமல் உப்புநீர் ஏறி அவன் ஊர் வயல் உவர்த்துவிட்டது. இருவர் சொல்வதும் மெய். அந்தப் பூட்டு இரு ஊர்க்காரர் கையும் சேர்ந்து பட்டால்தான் திறக்கும் என்று விதி வையுங்கள். இனி அவர்களால் கொல்லவும் முடியாது, விலகவும் முடியாது. இந்த விதியை முதல் ஐந்து அத்தியாயத்துக்குள் சொல்லிவிட வேண்டும். இருபதாவதில் சொன்னால், எழுதியவர் தன் வசதிக்குச் செருகியது என்று பட்டுவிடும்.

இனி வேகம். நாற்பது அத்தியாயம் என்றால் முதல் பத்தில் பகை மட்டும் போதும். ஆனால் கவனிப்பு அங்கேயே தொடங்கட்டும். எந்தத் தண்ணீரையும் அவன் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பான். உப்பு ஊரில் வளர்ந்தவன். அவள் அதை எரிச்சலோடு பார்க்கிறாள். பதினைந்து வாக்கில் அவன் வேலைத்திறன் மேல் மதிப்பு வருகிறது. இருபதில் அவன் காவலிருக்க, அவள் முதுகு காட்டித் தூங்குகிறாள். இருபத்தைந்தில் அவள் தானே ஒரு வாய் ருசித்துப் பார்த்துவிட்டு செம்பை அவனிடம் நீட்டுகிறாள். அங்கே காதல் என்ற சொல்லே வேண்டாம். முத்தம் முப்பது வாக்கில். பன்னிரண்டிலேயே அதைக் கொடுத்துவிட்டால் மீதிப் பக்கங்களை அற்பச் சண்டைகளால்தான் நிரப்ப வேண்டிவரும்.

கெட்டுப்போகும் இடங்களையும் சொல்கிறேன். வசிய மருந்தாலோ சாபத்தாலோ வரும் நெருக்கம் காதலாகாது. அவள் சம்மதம் அதில் இல்லை. அவளைச் சித்திரவதை செய்தவனை, அழகன் என்பதற்காக மன்னிக்க வைக்காதீர்கள். பெரும்பாலான கதைகளில் பெண் மட்டுமே இளகுகிறாள். அவனும் தன் ஊர்க்காரர் முன்னால் எதையாவது இழக்கட்டும். காதலைச் சொல்லிவிட்டதால் மதகு தானாகத் திறந்துவிடவும் கூடாது. கடைசிப் பத்து அத்தியாயமும் தண்ணீர்ப் பங்கீட்டுக்கே. முறை வைத்துத் திறப்பதா, யாருக்கு எத்தனை நாள் என்று அவர்கள் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் காட்சி, முத்தத்தைவிட நெருக்கமாக இருக்கும்.

எழுதி முடித்ததும் இருவரும் சேர்ந்து வரும் காட்சிகளை மட்டும் தனியே எடுத்து வாசியுங்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும், 'இந்த நேரத்தில் இவனை நம்பி இவள் எதை ஒப்படைப்பாள்?' என்ற கேள்விக்குப் பதில் எழுதுங்கள். கத்தியா, தூக்கமா, ஊரின் ரகசியமா? அடுத்தடுத்து மூன்று காட்சிக்கு ஒரே பதில் வந்தால், நடுவில் உள்ளதை எடுத்துவிடலாம்.

நன்றி, வணக்கம்.