புது ரேசிங் கேமுக்கு வர்ற திட்டு: எது செட்டிங்ஸ் கோளாறு, எது நிஜமான குறை?

வணக்கம் மக்களே. புதுசா ஒரு ரேசிங் கேம் வந்தா முதல் நாளே ரெண்டு குரல் கேக்கும். "வண்டி திரும்பவே மாட்டேங்குது"ன்னு ஒண்ணு, "காசு புடுங்குறாங்க"ன்னு இன்னொண்ணு. முதல் புகார் பல நேரம் செட்டிங்ஸ்லயே தீர்ந்துடும். ரெண்டாவது நம்ம கையில இல்ல, அதுக்குத்தான் சத்தம் போடணும்.

கன்ட்ரோலர்ல ஆடுறவங்க முதல்ல ஸ்டீயரிங் டெட்ஸோனைப் பாருங்க, அதாவது ஸ்டிக் அசைஞ்சாலும் கேம் கண்டுக்காம விடுற அளவு. அது அதிகமா இருந்தா, ஸ்டிக்கை லேசா அசைச்சது வண்டிக்குத் தெரியாது. நீங்க இன்னும் தள்ளுவீங்க, திடீர்னு வெட்டித் திரும்பும். அதை 0-க்குக் கொண்டு வாங்க. கையை எடுத்த பிறகும் வண்டி ஒரு பக்கம் இழுத்தா, ஒவ்வொரு புள்ளியா ஏத்துங்க. இழுப்பு நின்ன இடத்துல விட்டுடுங்க.

ஸ்டீயரிங் வீல் வச்சிருக்கீங்களா? அதோட டிரைவர் சாஃப்ட்வேர்ல சுழற்சி 900 டிகிரின்னா கேம்லயும் 900 இருக்கணும். அப்புறம் கிளிப்பிங். வீலுக்குள்ள இருக்குற மோட்டாரால தர முடிஞ்சதைத் தாண்டி கேம் விசை கேட்டா, அதுக்கு மேல எல்லாமே ஒரே கனமாத்தான் இருக்கும். டயர் பிடி விடுறது கைக்கே வராது. "ஃபீலே இல்ல"ன்னு நிறைய பேர் கெயினை (விசையோட அளவை) ஏத்துறாங்க, அது இன்னும் கெடுக்கும். குறைங்க! நீளமான வேக வளைவுல விசையைக் காட்டுற மீட்டர் உச்சத்துலயே நிக்கக் கூடாது. கெர்ப்ல (டிராக் ஓரத்து மேட்டுல) ஏறும்போது ஒரு நொடி தொட்டா பரவாயில்ல. டிவியில ஆடுறவங்க டிவியோட கேம் மோடை ஆன் பண்ணுங்க, நீங்க திருப்புறதுக்கும் திரையில தெரியுறதுக்கும் நடுவுல வர்ற தாமதம் குறையும்.

பிசியில முதல் லேப் மட்டும் படம் திக்கி, அடுத்த லேப் சரியா ஓடினா, பெரும்பாலும் ஷேடர் (படம் வரையுற சின்ன புரோகிராம்) கம்பைல் ஆகுறதுதான் காரணம். எல்லா லேப்பும் திக்கினா டெக்ஸ்ச்சரை ஒரு படி இறக்கிப் பாருங்க, வீடியோ மெமரி நிறைஞ்சிருக்கலாம்.

இப்ப காசு விஷயம். கிரான் டூரிஸ்மோ 7 வந்தது 2022 மார்ச் 4. அதே மாசம் 17-ஆம் தேதி 1.07 அப்டேட் வந்தப்போ, சர்வர் 30 மணி நேரத்துக்கு மேல படுத்துடுச்சு. தனியா ஆடுறதுக்கே நெட் வேணும்கிறதால, காசு கொடுத்து வாங்கினவங்க சும்மா உக்காந்திருந்தாங்க. அதே அப்டேட்ல பல ரேஸ்களோட பரிசும் குறைஞ்சது. அப்போ மெக்லாரன் எஃப்1 காரோட விலை 1 கோடியே 85 லட்சம் கிரெடிட் (கேமுக்குள்ள செலவு பண்ற காசு). நிஜக் காசுல 20 லட்சம் கிரெடிட் 20 டாலர்னா கணக்குப் போடுங்க, ஒரே காருக்கு 180 டாலருக்கு மேல போச்சு. முழு விலைக்கு வித்த கேம்ல இது அநியாயம். ரசிகர்கள் விடல. ஏப்ரல் 7-ல வந்த 1.11 அப்டேட் பரிசுகளை ஏத்திச்சு, நாம சேர்த்து வச்சுக்கக்கூடிய கிரெடிட் உச்சவரம்பையும் 2 கோடியில இருந்து 10 கோடி ஆக்கிச்சு.

2023-ல வந்த ஃபோர்சா மோட்டார்ஸ்போர்ட்லயும் இதே கதைதான். ஒவ்வொரு காரையும் தனித்தனியா ஓட்டி லெவல் ஏத்தினாத்தான் அதை மேம்படுத்துற பார்ட்ஸ் திறக்கும்னு வச்சிருந்தாங்க. எதிர்ப்பு வலுத்ததும், 2024 மார்ச்ல அந்த முறையை மாத்தினாங்க.

அதனால ரிவ்யூ எழுதும்போது "குப்பை"ன்னு ஒத்தை வார்த்தையில முடிக்காதீங்க. எந்த ரேஸ், முடிக்க எத்தனை நிமிஷம், என்ன பரிசு, நீங்க கேக்குற கார் என்ன விலைன்னு போடுங்க. திக்கல்னா கிராஃபிக்ஸ் கார்டு, டிரைவர் வெர்ஷன், ரெசல்யூஷன், எந்த டிராக்ல எந்த வளைவுன்னு சேர்த்து எழுதுங்க.